பக்கத்து வீட்டுக்காரர் கட்டாதபோது நான் ஏன் கட்ட வேண்டும்?



மந்தினில் ஒரு சனிக்கிழமை மாலை. சமய வகுப்பு முடிந்து பிள்ளைகள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த நேரம். பதினெட்டு வயசு தம்பி ஒருவன் மட்டும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தான். "என்னப்பா, வீட்டுக்குப் போகலையா?" என்று கேட்டேன். "அண்ணே, ஒன்னு கேக்கலாமா? கோவிச்சுக்கக் கூடாது" என்றான்.

அவன் குடும்பம் இருப்பது ஐந்து மாடி மலிவு விலை பிளாட்டில், நாலாவது மாடி. லிப்ட் கிடையாது. அதற்கு முந்தின வாரம் மூன்று நாள் அந்த புளோக்கில் தண்ணி இல்லை. பொது மின்சாரக் கட்டணம் பாக்கி விழுந்து, மின்சாரம் துண்டிக்கப்பட்டு, தண்ணீர் ஏற்றும் மோட்டார் நின்றுபோனது. அவன் வாளி வாளியாகக் கீழேயிருந்து தண்ணி தூக்கியிருக்கிறான்.

"எங்கப்பா மாசா மாசம் பராமரிப்புப் பணம் கட்டுறாரு. பக்கத்து வீட்டுல கட்டல, எதிர் வீட்டுல கட்டல. கட்டாதவனுக்கும் தண்ணி இல்ல, கட்டுனவனுக்கும் தண்ணி இல்ல. அப்புறம் எங்கப்பா ஏன் கட்டணும்? இது தர்மமாண்ணே, இல்ல முட்டாள்தனமா?"

சட்டென்று பதில் சொல்ல எனக்கு வரவில்லை. "கடமையைச் செய், மத்தத கடவுள் பார்த்துக்குவாரு" என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் தோள் வலிக்கத் தண்ணி தூக்கியவனுக்கு அது போதாது. அவனுக்குச் சொன்னதையும், பிறகு யோசித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். இந்தக் கேள்வி அவன் ஒருவனுடைய கேள்வி இல்லை. தோட்டத்திலிருந்து பிளாட்டுக்கு வந்த நம் குடும்பங்களில் பாதி வீடுகளில் இது தினமும் கேட்கப்படுகிறது.

லயத்திலிருந்து மாடிக்கு

மந்தின், பாஜாம், நீலாய், லாபு, லெங்கெங் என்று இந்த வட்டாரம் முழுவதும் ஒரு காலத்தில் ரப்பர் காடு. நம் தாத்தா பாட்டி லயத்தில் இருந்தார்கள். வாடகை கிடையாது. தண்ணி, கால்வாய், கூரை எல்லாம் நிர்வாகத்தின் பொறுப்பு. கூரை ஒழுகினால் கிராணியிடம் சொல்ல வேண்டும். செய்வார், அல்லது செய்யாமல் இழுத்தடிப்பார். தோட்டத் தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்தபட்ச வசதி இருக்க வேண்டும் என்று 1966-லேயே சட்டம் வந்தது. 1990-ல் அது புதிய சட்டமாக மாற்றி எழுதப்பட்டது. சட்டம் இருந்தும் ஒழுகிய கூரைகள் ஏராளம் என்பதைப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். எனவே லயத்து வாழ்க்கையைச் சொர்க்கம் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த வீடு வேலையோடு ஒட்டிய வீடு. வேலை போனால் வீடும் போனது. மூன்று தலைமுறை இருந்தாலும் ஒரு துண்டுக் காகிதம் கையில் இல்லை. காகிதம் இல்லாததன் வலி நமக்கு மட்டும் உரியதல்ல. இதே மந்தினில் ஈயச் சுரங்கக் காலத்திலிருந்து இருந்துவந்த கம்போங் ஹக்கா சீனக் குடும்பங்களுக்கும் அதே கதிதான். 2013-ல் அங்கே வீடுகள் இடிக்கப்பட்டதை இந்தப் பக்கத்து ஆட்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இன்னும் பெரிய உதாரணம் புத்ராஜெயா. நாட்டின் நிர்வாகத் தலைநகரம் நிற்கும் மண் பிராங் பெசார் தோட்டம். கட்டுமானம் 1995-ல் தொடங்கியது. பிராங் பெசார், செட்ஜ்லி, மெடிங்லி, கேலவே ஆகிய நான்கு தோட்டங்களைச் சேர்ந்த ஏறக்குறைய 400 குடும்பங்கள் டிங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா பிளாட்டுக்கு மாற்றப்பட்டன. சில ஆண்டுகளில் சுவர் வெடித்தது, தரை விரிந்தது. தரை வீடு கேட்டு அந்த மக்கள் 20 ஆண்டுகளுக்கும் மேல் போராட வேண்டியிருந்தது.

இதை ஏன் சொல்கிறேன்? தம்பியின் கேள்விக்குப் பின்னால் இந்த வரலாறு நிற்கிறது. நிர்வாகம் எல்லாம் பார்த்துக்கொள்ளும் என்று மூன்று தலைமுறை பழக்கப்பட்ட மக்களை ஒரு நாள் லோரியில் ஏற்றி மாடி வீட்டில் இறக்கிவிட்டார்கள். சாவி கொடுத்தார்கள். "இனிமேல் நீங்கள்தான் நிர்வாகம்" என்று யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை.

வீட்டு விலையில் வராத விலை

மலிவு விலை வீட்டின் உச்ச விலை 1982 முதல் 25,000 வெள்ளி. 1998-ல் இடத்துக்கு ஏற்றபடி 25,000 முதல் 42,000 வெள்ளி வரை என்று மாற்றினார்கள். நம் பெற்றோர் பலர் சேமநிதியை எடுத்தும், நகையை அடகு வைத்தும் அந்த விலையைக் கட்டினார்கள். ஆனால் வீட்டை வாங்குவது ஒரு செலவு. வீட்டில் இருப்பது வேறு செலவு. இந்த இரண்டாவது செலவைப் பற்றி விற்கும்போது யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

தண்ணீர் முதலில் கீழ்த் தொட்டிக்கு வரும். மோட்டார் அதை மொட்டை மாடித் தொட்டிக்கு ஏற்றும். அங்கிருந்து வீடுகளுக்கு இறங்கும். அந்த மோட்டாருக்கு மின்சாரம் வேண்டும். படிக்கட்டு விளக்கு, குப்பை, கால்வாய், கட்டடக் காப்புறுதி, சில வருசத்துக்கு ஒரு முறை சாயம், இவை எல்லாம் பொதுச் செலவு. 2013-ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி, இந்தச் செலவை வீட்டு உரிமையாளர்கள் பங்குபோட்டுக் கட்ட வேண்டும். அதோடு அந்தக் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்காவது தனியாக ஒரு சேமிப்பு நிதிக்கும் கொடுக்க வேண்டும். மோட்டார் எரிந்துபோனால் புதிது வாங்க அந்த நிதிதான் கைகொடுக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு புளோக்கில் 100 வீடு, வீட்டுக்கு மாதம் 40 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். வர வேண்டியது 4,000. கட்டுபவர் 60 பேர் என்றால் வருவது 2,400. மின்சாரம், குப்பை, காவலாளி என்று கொடுத்து முடித்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது. சேமிப்பு நிதி காலி. அடுத்த மாதம் மோட்டார் எரிகிறது. இப்போது அந்த 60 பேரிலும் சிலர் "இவ்ளோ நாள் கட்டி என்ன கண்டோம்?" என்று நிறுத்துவார்கள். 60 ஐம்பதாகும், ஐம்பது நாற்பதாகும். ஒரு நல்ல கட்டடம் பத்து வருசத்தில் குப்பைமேடாவது இப்படித்தான். அங்கே இருப்பவர்கள் கெட்டவர்களாகப் பிறந்ததால் அல்ல.

கட்டாதவர் யார்?

"கட்டாதவன் எல்லாம் திருடன்" என்று தம்பி சொன்னான். கோபத்தில் வந்த வார்த்தை. ஆனால் அறம் பேசும்போது ஆளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அவன் புளோக்கையே எடுத்துக்கொண்டு, தெரிந்த வீடுகளை ஒவ்வொன்றாக எண்ணினோம். நாலு வகை கிடைத்தது.

முதலாவது, கட்ட முடியாதவர். அவன் மாடியிலேயே ஒரு பாட்டி இருக்கிறார். மகன் இல்லை. மாத்திரைக்கும் அரிசிக்குமே பற்றாது. இவர் கட்டாதது பாவமா? இல்லை. இல்லாதவரிடம் இல்லாததைக் கேட்பது எந்தத் தர்மத்திலும் கிடையாது. ஆனால் அவர் வெட்கப்பட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, வந்த கடிதத்தைத் திறக்காமல் வைத்திருக்கிறார். அங்கேதான் பிரச்சனை. முடியாததை முடியவில்லை என்று சொல்வதும் ஒரு கடமை. அப்படிச் சொன்னவரை அவமானப்படுத்தாமல் கேட்பது நம் கடமை.

இரண்டாவது, நம்பாதவர். இவரிடம் பணம் இருக்கிறது. "முன்ன இருந்த கமிட்டி கணக்கே காட்டல, நான் ஏன் குடுக்கணும்?" என்கிறார். இவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. கணக்குக் காட்டாதவன் கட்டணம் கேட்க வாய் திறக்கக் கூடாது. ஆனால் கணக்குக் கேட்க ஒரு இடம் இருக்கிறது, அதுதான் ஆண்டுப் பொதுக்கூட்டம். நிலுவை வைத்திருப்பவருக்குப் பொதுவாக அந்தக் கூட்டத்தில் வாக்கு கிடையாது. கணக்குக் கேட்க வேண்டியவர், கட்டாமல் இருந்து, கேட்கும் உரிமையைத் தானே இழக்கிறார். திருட வந்தவனுக்கு இதைவிட வசதி வேறு என்ன வேண்டும்?

மூன்றாவது, இங்கே இல்லாதவர். வீட்டை வாங்கி, ஆலைத் தொழிலாளர்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, வேறு ஊரில் வசதியாக இருக்கிறார். வாடகை மாசா மாசம் சரியாக வாங்குகிறார். பராமரிப்பு மட்டும் கட்டுவதில்லை. மோட்டார் நின்றால் அவர் வீட்டில் தண்ணி நிற்காது. வாடகைக்கு இருக்கும் அந்நியத் தொழிலாளிதான் வாளியோடு வரிசையில் நிற்பார். அந்தத் தொழிலாளியைப் பார்த்து நாம் முறைக்கிறோம். அவர் கொடுக்க வேண்டியதை வாடகையாகக் கொடுத்துவிட்டார். முறைக்க வேண்டிய ஆள் வேறு.

நாலாவது, மனசில்லாதவர். கையில் பணம் உண்டு, வீட்டில் பெரிய தொலைக்காட்சி உண்டு. "அடுத்தவன் கட்டுறான்ல, போதும்" என்கிறார். தம்பி சொன்ன அந்த வார்த்தை இவருக்கு மட்டும் ஓரளவு பொருந்தும்.

நாலு பேரையும் ஒரே பெயரில் திட்டினால், பாட்டிக்கு அநியாயம் செய்கிறோம்; மனசில்லாதவருக்குப் பாட்டியின் முதுகில் ஒளிந்துகொள்ள இடம் கொடுக்கிறோம்.

எல்லாம் மேலிடத்துத் தவறா?

"ஏழை மேல ஏன் பாரத்தைப் போடணும்? அரசாங்கம் பார்க்க வேண்டியதுதானே?" என்று கேட்பவர்கள் உண்டு. பாதி உண்மை. மண்ணை விற்று லாபம் பார்த்தவர் யாரோ. வெடித்த சுவருக்கு நிம்மதி இழந்தவர் யாரோ. டிங்கில் மக்கள் கேட்டது பிச்சை அல்ல, நியாயம். கட்டடத்தில் குறை வைத்துக் கட்டியவருக்கும், அனுமதி கொடுத்தவருக்கும் பொறுப்பு உண்டு. அரசின் மக்கள் வீடமைப்புத் திட்ட வீடுகளில் மாத வாடகை 124 வெள்ளி என்று வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் ஆகும் செலவைப் பொதுப்பணம் தாங்குகிறது. சிங்கப்பூரில் அடுக்குமாடிவாசிகள் மாதந்தோறும் நகர மன்றத்துக்குப் பராமரிப்புக் கட்டணம் கட்டுகிறார்கள். சிறிய வீட்டுக்குக் குறைந்த கட்டணம். அதிலும் அரசு தள்ளுபடி கொடுக்கிறது. ஏழையின் கட்டடத்துக்கு ஏழை மட்டுமே செலவு செய்யட்டும் என்று விடுவது நல்ல அரசுக்கு அழகில்லை. அதை நாம் உரக்கக் கேட்க வேண்டும்.

ஆனால் மோட்டார் அதுவரை காத்திருக்காது. நாம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே தண்ணி நின்றுவிடும். கேட்பது ஒரு கை, கட்டுவது ஒரு கை. இரண்டும் நமக்கு வேண்டும்.

கோயிலுக்குக் கொடுக்கும் கை

இப்போது கொஞ்சம் சங்கடமான விஷயம். அதே பிளாட்டில் ஆடித் திருவிழாவுக்கு வசூல் என்று போனால், கட்டணம் கட்டாத வீட்டிலும் 50 வெள்ளி வருகிறது. முடியாதவர் பத்து வெள்ளியாவது கொடுக்கிறார். கொடுக்காமல் விட்டால் மனசு உறுத்துகிறது. பராமரிப்புப் பணத்துக்கு ஏன் அந்த உறுத்தல் இல்லை?

திருவிழாப் பணத்தை மோட்டாருக்குக் கொடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அம்மனுக்கு உரியது அம்மனுக்கே. ஆனால் அந்த வசூல் ஏன் நடக்கிறது என்று பாருங்கள். வருபவர் தெரிந்த முகம். "என்னக்கா, சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டுத்தான் ரசீதுப் புத்தகத்தை எடுக்கிறார். கொடுத்தவர் பெயரைப் பலகையில் எழுதுகிறார்கள். முடிந்ததும் வரவு செலவு ஒட்டுகிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, அது "நம்ம கோயில்". படிக்கட்டு யாருடையது? "யாருதோ" என்று நினைக்கிறோம்.

நம் தாத்தாக்கள் அப்படி நினைக்கவில்லை. தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், 1960-ல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டி அன்றாடம் கஞ்சி குடித்தவர்கள் மாதம் 10 வெள்ளி என்று கொடுத்துப் பங்கு சேர்த்தார்கள். அந்தக் காலத்துப் பத்து வெள்ளி, நினைத்துப் பாருங்கள். தாங்கள் ஒரு நாளும் பார்த்திராத தோட்டத்தை வாங்கவும் அந்தப் பணம் போனது. பக்கத்து லயத்துக்காரன் கொடுத்தானா என்று பார்த்துவிட்டு அவர்கள் கொடுத்திருந்தால், சங்கம் முதல் மாதத்திலேயே மூடியிருக்கும்.

வள்ளுவர் ஒப்புரவு என்று ஓர் அதிகாரமே வைத்தார், இல்லறவியலில். துறவிக்குச் சொல்லாமல் குடும்பஸ்தனுக்குச் சொன்னார். அங்கே அவர் காட்டும் உவமைகளில் ஒன்று ஊர் குடிக்கும் குளம். நம் காலத்து ஊருணி மொட்டை மாடித் தொட்டிதான். அப்பர் பெருமான் கையில் உழவாரம் ஏந்திக் கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கினார். அந்த முற்றம் அவருக்குச் சொந்தமா? பத்திரம் அவர் பெயரிலா? எல்லாரும் நடக்கும் இடம் என்பதே அவருக்குப் போதுமானதாக இருந்தது. உழவாரப் பணி என்று கோயிலுக்குப் போய்ப் பெருக்கும் நாம், திரும்பி வரும்போது நம் படிக்கட்டில் கிடக்கும் குப்பையைத் தாண்டித்தான் வீட்டுக்குள் போகிறோம்.

தம்பிக்குச் சொன்ன பதில்

"நீ கட்டுறது நிறுத்துனா யாருக்கு வலிக்கும், சொல்லு" என்று கேட்டேன்.

"கட்டாதவனுக்கு" என்றான்.

"வேற ஊர்ல இருக்கிற வீட்டுக்காரருக்கு வலிக்குமா?"

யோசித்தான். "இல்ல."

"பெரிய டிவிக்காரருக்கு?"

"அவரு கார்ல போய்த் தண்ணி வாங்கிட்டு வந்துடுவாரு."

"அப்ப யாருக்கு?"

"பாட்டிக்கு" என்றான், மெதுவாக. அந்த மூன்று நாளும் பாட்டிக்கும் இவன்தான் தண்ணி தூக்கிக் கொடுத்திருக்கிறான்.

அதுதான் என் பதில். கட்டாதவன் நமக்குச் செய்வது அநியாயம். அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அதற்குப் பழி வாங்க நாமும் நிறுத்தினால், அடி விழுவது அநியாயம் செய்தவன்மேல் அல்ல, நம்மைவிட இல்லாதவர்மேல். அடி தவறான ஆள்மேல் விழும் என்று தெரிந்தே அடிப்பது தர்மமாகாது. அதனால் அப்பா கட்டுவது முட்டாள்தனம் இல்லை. அவர் கட்டும் 40 வெள்ளியில் பாட்டியின் ஒரு குடம் தண்ணியும் இருக்கிறது.

ஆனால் கட்டிவிட்டு வாய் மூடி இருப்பதும் முழுத் தர்மம் இல்லை. அதைப் பொறுமை என்று நாம் பெயர் வைக்கிறோம். பல நேரம் அது சோம்பல். கட்டுகிறவனுக்குத்தான் கூட்டத்தில் வாக்கு இருக்கிறது. அந்த வாக்கைப் பயன்படுத்தாமல் "நாடு கெட்டுப்போச்சு" என்று சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து பேசுவதில் பயன் இல்லை.

நாம் என்ன செய்யலாம்?

இளைஞர்களாகிய உங்களால் நாளைக்கே சிலவற்றைச் செய்ய முடியும்.

உங்கள் மாடியில் உள்ள பெரியவர்களுக்கு வந்த கடிதங்களைப் படித்துச் சொல்லுங்கள். பல கடிதம் மலாயில் இருக்கும். அவர்கள் பயந்து பெட்டியில் போட்டு வைத்திருப்பார்கள். நிலுவையைத் தவணையாகக் கட்ட அனுமதி கேட்டு நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள். உங்கள் மலாய் எதற்குப் பயன்படப்போகிறது?

அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டம் எப்போது என்று கேட்டு வையுங்கள். அப்பா அம்மாவை அழைத்துப் போங்கள். கணக்கைக் கேளுங்கள், மரியாதையோடு கேளுங்கள். கணக்கு மாதந்தோறும் படிக்கட்டுக்குக் கீழே ஒட்டப்பட வேண்டும் என்று கோரிக்கை வையுங்கள். திருவிழாக் கணக்கு ஒட்டுகிற நமக்கு அது புதுசு இல்லை.

மாதம் ஒரு ஞாயிறு, கோயில் உழவாரத்தைப் போல மாடி உழவாரம் செய்யுங்கள். துடைப்பத்தோடு ஐந்து பேர் போதும். மலாய்க்கார வீடு, சீன வீடு, வங்காளதேசத் தொழிலாளி இருக்கும் வீடு என்று பார்க்காமல் எல்லார் வாசலையும் பெருக்குங்கள். தண்ணி நின்றால் எல்லாருக்கும்தான் நிற்கிறது. ஒப்புரவுக்கு இனம் கிடையாது.

தண்ணி நிற்கும் நாளில் யார் யாருக்குத் தூக்கிக் கொடுக்க வேண்டும் என்று முன்கூட்டியே ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். தனியாக இருக்கும் முதியவர், கைக்குழந்தை உள்ள வீடு, உடம்புக்கு முடியாதவர் ஆகியோர் பெயர் முதலில் வரட்டும்.

நம் தாத்தாக்கள் கேட்டது சொந்த வீடு. எவ்வளவோ இழந்து அதில் ஒரு பகுதியை நமக்கு வாங்கித் தந்துவிட்டுப் போனார்கள். சொந்தம் என்பது கதவுக்கு உள்ளே மட்டும் என்று நாம் சுருக்கிக்கொண்டால், கதவுக்கு வெளியே மறுபடியும் லயம்தான். இந்த முறை பழி போடக் கிராணியும் இல்லை.

தம்பி கடைசியில் எழுந்தான். சமாதானம் ஆகிவிட்டான் என்று சொல்ல முடியாது. முகம் இன்னும் கொஞ்சம் உர்ரென்றுதான் இருந்தது. செருப்பைப் போட்டுக்கொண்டு திரும்பிப் பார்த்துக் கேட்டான்:

"அண்ணே, அந்த வேற ஊர் வீட்டுக்காரரு நம்பர் யாருகிட்ட இருக்கும்?"

முதல் கேள்வியைவிட இது நல்ல கேள்வி. விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.